குவாதலூப்புக்குக் குடிபோகலாமா?

அன்புள்ள அக்கா,

கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இருந்த மூன்று வருடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்திருக்கிறேன். நாங்கள் காரைக்கால்காரர்கள். என் கணவரின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் எங்கள் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸுக்கு வெளியே சார்செலில் 14 வருடமாக இருக்கிறோம். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 6.

குளிரும் ரயில் நெரிசலும் சலித்துப்போய்விட்டன. குவாதலூப் மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. சம்பளம் 40 சதவீதம் கூடுதல் என்கிறார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது, முத்துசாமி, வீராசாமி என்று நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தமிழோடு வளரும் என்று கணவர் சொல்கிறார். இங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடலாம் என்பது அவர் முடிவு. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போகலாமா? என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

வி., சார்செல்

அன்புள்ள வி.,

போகலாம். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்தை நம்பிப் போகாதீர்கள். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

குவாதலூப்பில் சேன் பிரான்சுவா என்ற ஊரில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் இருந்தார். முன்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தமிழ். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவார், நேர்ச்சை இருந்தால் மாரியம்மன் கோயிலுக்கும் போவார். ஒருநாள் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய அப்பா கோயிலில் பாடிய பாட்டுகளைக் காதில் விழுந்தபடியே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நீல மை, ஓரங்களில் எண்ணெய்க் கறை. அர்த்தம் சொல் என்று என் முன்னால் வைத்தார். நான் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல்: ‘தாயே’, ‘வாருமம்மா’. அம்மா, வா என்று கூப்பிடுகிற பாட்டு என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்படியானால் இத்தனை வருடமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோமா?” என்று கேட்டார்.

உங்கள் கணவர் சொல்கிற ‘நம் ஆட்கள்’ இவர்கள்தான். ஓரேலி என்ற கப்பல் 1854 டிசம்பரில் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை 42 ஆயிரம் பேருக்கும் மேல் போனார்கள். புதுச்சேரியிலிருந்தும் உங்கள் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள் அதில் நிறைய. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, ஐந்து வருட ஒப்பந்தத்தில் கூட்டிப்போனார்கள். பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை. பேச்சுத் தமிழ் எப்போதோ போய்விட்டது. அடுக்களையிலும் கோயிலிலும் மட்டும் சொற்கள் தங்கியிருக்கின்றன. குழம்பு அங்கே கொலொம்போ, பழைய குடும்பங்களில் கொல்பு. பாகற்காய் பாரொக்கா. மத்தளம் மத்தலோன். இரவு முழுக்க ஆடும் நாடகத்துக்கு நாட்ரோன் என்று பெயர். மாரியம்மன் மாலியேமன் ஆகிவிட்டாள். கோயிலில் கிடா வெட்டி, வாழை இலையில் சோறும் கொல்பும் போடுவார்கள். முதல் தடவை அந்த வாசனை மூக்கில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இலையைப் போட்டுப் பரிமாறியவர் என்னோடு பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோல். அவருடைய ஊர் குவாதலூப், காரைக்கால் இல்லை. அந்த ஊர்க்காரர் என்ற உரிமையைக்கூட சும்மா யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. கப்பெஸ்டேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் இந்திய வம்சாவளியினரின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் புறப்பட்டார். நீங்கள் பிரெஞ்சுக்காரர்களே இல்லை என்று அரசாங்கம் வழக்காடியது. 1923இல்தான் தீர்ந்தது. பத்தொன்பது வருடம். அப்படிப்பட்டவர்களிடம் போய் ‘நீங்கள் எங்கள் ஆட்கள்தானே’ என்று தோளில் கைபோட்டால் முகம் சுளிக்காவிட்டாலும் விலகிப் போவார்கள். ‘கூலி’ என்ற சொல்லைத் தமிழ் பேசும்போதுகூட பொது இடத்தில் உச்சரிக்காதீர்கள். அங்கே அது வசைச்சொல், நூறு வருடத்து வலி அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் சார்செலிலேயே அண்டிலிஸ்காரர்கள், அதாவது குவாதலூப், மார்த்தினிக் தீவுக்காரர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் யாராவது நிச்சயம் இருப்பார்கள். 1963 முதல் 1981 வரை பியுமிடோம் என்ற அரசு அலுவலகம் அந்தத் தீவுகளிலிருந்து இளைஞர்களைப் பிடித்துப் பிடித்துப் பாரிஸுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரி, தபால் நிலையம், வீட்டுவேலை என்று அவர்களைப் போட்டார்கள். இன்றைக்கும் படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் தீவை விட்டுக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் வந்த வழியில் நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், கூடுதல் சம்பளத்தோடு. அங்கே இறங்கும்போது உங்கள் நிறமும் குடும்பப் பெயரும் அவர்களுக்குப் பழக்கமானவைதான், ஆனாலும் ‘பிரான்சிலிருந்து வந்தவர்கள்’ என்றுதான் பார்ப்பார்கள். அது நியாயமும்கூட. அதனால் கிளம்புவதற்கு முன் உங்களோடு வேலை செய்கிற குவாதலூப்காரி ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊரில் வீடு பார்க்கலாம், எந்தப் பக்கம் தண்ணீர் வராது என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத் தெரியும். கிரியோலில் நாலு வார்த்தையும் கற்றுக்கொண்டு போங்கள்.

சரி, பண விஷயம். 40 சதவீதம் என்பது உண்மை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு விலைவாசிக்காகக் கொடுப்பது. உங்களுக்குத்தான் அது, கணவருக்கு இல்லை. பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2022இல் கணக்குப் பார்த்தபோது குவாதலூப்பில் உணவுப் பொருள் விலை பிரான்சைவிட 42 சதவீதம் அதிகம் என்று வந்தது. பால், வெண்ணெய், சோப்பு, குழந்தை டயப்பர் எல்லாம் கப்பலில் வருகிறது. அதன் மேல் ஒக்த்ருவா த மேர் என்ற தீர்வை வேறு. 2009இல் இந்த விலைவாசியை எதிர்த்துத் தீவே 44 நாள் ஸ்தம்பித்தது. பாரிஸில் சாப்பிடுகிற மாதிரியே அங்கேயும் சாப்பிட்டால் கூடுதல் சம்பளம் சூப்பர் மார்க்கெட் கல்லாவிலேயே போய்விடும். நமக்கு அந்தக் கஷ்டம் பாதிதான். சந்தைக்குப் போனால் மரவள்ளி, சேப்பங்கிழங்கு, பூசணி, சௌசௌ, வெண்டைக்காய், சீமைப்பலா, புளி, மாங்காய் எல்லாம் கிடைக்கும். சௌசௌவை கிறிஸ்தோஃபீன் என்று கேளுங்கள். நான் போன முதல் மாதம் டின்னிலும் பாக்கெட்டிலும் காசைக் கொட்டினேன். சந்தை பழகியபின் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

கணவருக்கு வேலை உறுதியாகாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். தனியார் வேலைகளில் பெரும்பகுதி ஜாரி என்ற தொழிற்பேட்டையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே அந்தச் சாலை அடைத்துக்கொள்ளும். பஸ்ஸை நம்ப முடியாது, இரண்டு பேருக்கும் இரண்டு கார் வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

வீடு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பாரிஸில் உட்கார்ந்து படங்களை மட்டும் பார்த்து, அட்லாண்டிக் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்கு பிப்ரவரியில் முன்பணம் கட்டினோம். பால்கனியிலிருந்து பார்த்தால் நீலக் கடல், வேறு எதுவும் தெரியாது. மே மாதம் சர்காசம் பாசி வந்து கரையில் குவிந்தது. 2011 முதல் இப்படிக் கூட்டம் கூட்டமாக ஒதுங்குகிறது. அழுகும்போது அழுகின முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஒரே வாரத்தில் பூஜை அலமாரியில் இருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் கரி பூசின மாதிரி கறுத்தது. குத்துவிளக்கு தேய்க்கத் தேய்க்க மறுபடி கறுத்தது. பிறகு ஏசி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. பையன் தலைவலி என்று தினமும் அழுதான். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அப்படித்தான் சேன் பிரான்சுவாவில், கடலிலிருந்து தள்ளி உள்ளே, அந்த அம்மாளின் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அதனால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: முதலில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ இரண்டு வாரம் போய்ப் பாருங்கள். எல்லோரும் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் போகிறார்கள், காற்று குளுகுளுவென்று இருக்கும், தீவு தன் நல்ல முகத்தை மட்டும் காட்டும். மழைக்காலத்தில் போனால் புழுக்கம், கொசு, புயல் எச்சரிக்கை எல்லாம் தெரியும். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தீவைப் புரட்டிப் போட்டது, வயதானவர்கள் இன்றைக்கும் ஹ்யூகோவுக்கு முன், ஹ்யூகோவுக்குப் பின் என்றுதான் வருடம் சொல்கிறார்கள். வீடு பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: புயல் கதவுகள் இருக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? குழாய்கள் பழையவை, ஊருக்கு ஊர் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். நர்ஸ் வேலை முடிந்து வந்து குளிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது: குளோர்டெகோன். வாழைத் தோட்டங்களில் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை அடித்த மருந்து. அமெரிக்கா எழுபதுகளிலேயே நிறுத்திய விஷத்தை அங்கே இருபது வருடம் கொட்டினார்கள். மண்ணிலிருந்து அது போக நூற்றாண்டுகள் ஆகும். தீவின் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இரத்தத்தில் அது இருக்கிறது. தீவின் மேற்குப் பாதியான பாஸ்-தேரில், வாழைத் தோட்டங்கள் நிறைந்த தெற்குப் பகுதியில்தான் பாதிப்பு அதிகம். ஷான்ஜி மாரியம்மன் கோயில் இருக்கிற கப்பெஸ்டேரும் அந்த வட்டாரம்தான். கோயில் பக்கத்தில் குடியிருக்க ஆசைப்பட்டால் இருங்கள். ஆனால் மண்ணைப் பரிசோதிக்காமல் கொல்லையில் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் போடாதீர்கள். கிழங்குதான் அந்த விஷத்தை அதிகம் இழுக்கும். மண் பரிசோதனையை அரசே இலவசமாகச் செய்து தருகிறது. ஆற்று மீனும் வேண்டாம். சாலையோரம் கிழங்கு விற்பவரிடம் எந்த ஊர் மண் என்று கேட்டு வாங்குங்கள், அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

பிள்ளைகள் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதே பிரெஞ்சுப் பாடத்திட்டம்தான். பையன் ஆறு மாதத்தில் கிரியோல் பேசுவான். பெண்ணுக்குத்தான் சிரமம், 11 வயதில் தோழிகளைவிட்டுப் போவது எளிதில்லை. செப்டம்பர் பயணத்தில் அவளையும் பள்ளிக்கூடம் பார்க்கக் கூட்டிப்போங்கள், அவள் கருத்தையும் கேளுங்கள். தமிழுக்குச் சில சங்கங்கள் வகுப்பு நடத்துகின்றன. அதைத் தாண்டி வீட்டில் நீங்கள் பேசினால்தான் தமிழ். சார்செலில் தெருவில் இறங்கினால் தமிழ்க் கடையும் தமிழ்க் குரலும் உண்டு, அங்கே அது கிடையாது. அந்த விஷயத்தில் உங்கள் கணவர் நினைப்பது தலைகீழ்.

ஊரிலிருந்து பெரியவர்கள் யாராவது இந்தியப் பாஸ்போர்ட்டில் வருவதாக இருந்தால், வழக்கமான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் இறங்கி அங்கிருந்து போவதால் இரண்டு விசாவும் தேவைப்படும். ஊருக்குப் போன் பேசும் நேரமும் மாறிப்போகும். உங்களுக்கு இரவு 8 மணி என்றால் காரைக்காலில் மறுநாள் விடிகாலை 5.30.

சாமான் அனுப்பும்போது ஆறு மாதத்துக்கு மேல் உபயோகித்த வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குடிபெயர்கிறவர்களுக்கு அதில் தீர்வை விலக்கு உண்டு. கம்பளிகளை விட்டுவிடுங்கள். இட்லிச் சட்டியையும் கிரைண்டரையும் விடாதீர்கள். மாவு அங்கே சீக்கிரமே பொங்கிவிடும்.

நீங்கள் செப்டம்பரில் போவது உறுதியானால் எழுதுங்கள். அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு அவருடைய முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். அந்த நோட்டில் என்னால் வாசிக்க முடியாத பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. நான் மதுரைப் பக்கம், எனக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. நீங்கள் காரைக்கால், வீட்டுப் பெரியவர்கள் யாராவது போனில் கேட்டால் இன்னும் நாலு வரி புரியலாம். போகும்போது கையில் கொஞ்சம் கட்டிப் பெருங்காயம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா