லேப்டாப் திடீரென்று ஆன் ஆகவில்லை. உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பவர் வரும் பாதையோ மதர்போர்டோ ரேமோ கெட்டால் லேப்டாப் எழுந்திருக்காது. ஆனால் போட்டோக்கள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அதனால் டேட்டா கைக்கு வரும்வரை விண்டோஸை மறுபடி போட யாரையும் விடாதீர்கள்.

முதலில் எந்த அளவுக்கு ஆன் ஆகவில்லை என்று பாருங்கள். லைட்கூட எரியவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். ஃபேன் சுற்றியும் திரை மட்டும் கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்து எல்லாவற்றையும் காப்பி செய்துவிடலாம்.

என் லேப்டாப்பில் படுத்தியது ரேம். கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும், திரையில் ஒன்றும் வராது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றினேன். அதன் பொன்னிற முனைகளில் மங்கலாக ஒரு படலம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினேன். விண்டோஸ் வந்துவிட்டது. வேறு எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களைத்தான் எடுத்து வைத்தேன்.

லோகோ வந்து விண்டோஸ் மட்டும் வராவிட்டால், வேறு கம்ப்யூட்டரில் உபுண்டு (விண்டோஸ் மாதிரியான ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) பென்டிரைவ் தயார் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்து (அதாவது இயக்கி) போட்டோக்களைக் காப்பி செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்ற வேண்டியதுதான். 2.5 அங்குல டிஸ்க் என்றால் அதை வேறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக இணைக்கும் சாட்டா-யுஎஸ்பி கேபிள் போதும். விரல் நீளத்தில் மெல்லிய பட்டையாக இருந்தால் அது எம்.2, அதில் என்விஎம்இ, சாட்டா என இரண்டு வகை உண்டு, லேபிளைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற என்க்ளோஷர் (டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் செருகும் பெட்டி) வாங்குங்கள். சில மெல்லிய மாடல்களில் ஸ்டோரேஜை போர்டோடு சேர்த்தே சால்டர் செய்திருப்பார்கள். அங்கே இந்த வழி இல்லை, போர்டைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெகவரி கீ கேட்டால் பதற வேண்டாம், பல நேரம் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் மட்டும் தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். அந்த ஒரு கிளிக்கில் நன்றாக இருந்த டேட்டா சிக்கலாகிவிடும், எஸ்எஸ்டியில் (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) திரும்பக் கிடைக்காமலே போகலாம்.

ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தகட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் பழுதாகியிருக்கலாம்; மறுபடி மறுபடி ஆன் செய்தால் உள்ளே தகடு கீறிப் போகும். எந்த சாஃப்ட்வேரும் இதற்கு உதவாது. நீங்களே திறந்தும் பார்க்காதீர்கள், கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வசதியுள்ள டேட்டா ரெகவரி லேபுக்கு அப்படியே கொண்டுபோங்கள்.