லேபிளில் எரிமலை, கிளாஸில் என்ன?

கேள்வி: பரோலோ, கியாந்தி தவிர வேறு இத்தாலிய ஒயின் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். எட்னா ரோஸோ, தவுராசி, தெர்தோனா என்ற ஒரு வெள்ளை ஒயின். முதல் இரண்டிலும் "எரிமலை மண்ணில் விளைந்தது, கிரேக்கர்கள் கொண்டுவந்த தொன்மையான திராட்சை" என்று போட்டிருக்கிறது. மூன்றாவதில் "பழங்காலக் கடலடி மண்" என்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மண்ணின் சுவை உண்மையிலேயே ஒயினில் தெரியுமா? வாரக் கடைசியில் வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. எதை வாங்கட்டும்?

பதில்: எட்னா ரோஸோவை வாங்குங்கள். தவுராசி பாட்டிலில் உள்ள அறுவடை ஆண்டு எட்டு, பத்து வருடங்களுக்கு முந்தையதாக இருந்தால் மட்டும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

மண்ணின் சுவை தெரியுமா என்றால், தெரியாது. பாறை கரைந்து வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் போய் உட்காருவதில்லை. வேர் இழுப்பது தண்ணீரையும் அதில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், நைட்ரஜன் போன்ற சத்துகளையும்தான். எரிமலைப் பாறையில் பிறந்த பொட்டாசியமா, கடலடிக் களியில் பிறந்த பொட்டாசியமா என்று கொடி பார்ப்பதில்லை. "சாம்பல் வாசம்", "ஈரக்கல் சுவை" என்றெல்லாம் எழுதுகிறார்களே, அவற்றில் பெரும்பகுதி ஒயினின் புளிப்பிலிருந்தும் நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களிலிருந்தும் வருவது. மிச்சம், லேபிளில் எரிமலைப் படத்தைப் பார்த்துவிட்டதால் வருவது.

அதற்காக மண்ணை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது. மழைத் தண்ணீரை எவ்வளவு நாள் பிடித்து வைக்கிறது, எவ்வளவு வேகமாக வடிய விடுகிறது, வெயிலில் எப்படிச் சூடேறுகிறது என்பதையெல்லாம் பொறுத்துத்தான் பழம் எப்போது பழுக்கும், எவ்வளவு புளிப்போடு பழுக்கும் என்பது அமைகிறது. சில ஊர்களில் பழைய கொடிகள் இன்றும் உயிரோடு இருப்பதற்கே மண்தான் காரணம். சிசிலித் தீவின் எரிமலையான எட்னா அப்படிப்பட்ட இடம்.

எட்னா ரோஸோவில் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே என்ற கறுப்புத் திராட்சை இருக்க வேண்டும். 1968-இலேயே டிஓசி, அதாவது இத்தாலியச் சட்டப்படியான பிறப்பிட அங்கீகாரம் பெற்ற பகுதி அது. நல்ல தோட்டங்கள் பல, மலையின் வடக்குச் சரிவில் ரந்தாட்ஸோவுக்கும் லிங்வாக்ளோஸாவுக்கும் நடுவில், ஆயிரம் மீட்டர் உயரம் வரை ஏறிக் கிடக்கின்றன. லாவாக் கல்லை உடைத்து, சாந்து வைக்காமல் அடுக்கிய கறுப்புச் சுவர்கள். அவற்றுக்குள் படிப்படியாக வெட்டிய சின்னச் சின்ன வயல்கள். அங்கே "எரிமலை மண்" என்று ஒரே மண் கிடையாது. லாவா வழிந்த ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வயது. ஒரு வயலில் கால் புதையும் கறுப்பு மணல் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், உள்ளூர்க்காரர்கள் ரிபித்து என்று சொல்லும் சின்னச் சின்னக் கறுப்புக் கல்லாகக் கிடக்கும். 1981 மார்ச்சில் ரந்தாட்ஸோ பக்கம் இறங்கிய லாவா திராட்சைத் தோட்டங்களையும் ரயில் பாதையையும் விழுங்கிவிட்டுப் போனது. அந்த இடம் மறுபடி நடவுக்கு ஏற்ற மண்ணாக மாறுவதற்கு ஒரு தலைமுறை போதாது.

இதனால்தான் எட்னாவில் ஒவ்வொரு தோட்டப் பகுதிக்கும் தனிப்பெயர் உண்டு. கொந்த்ராதா என்பார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதிகாரபூர்வமாக இருக்கின்றன; 2011 முதல் லேபிளில் போடலாம். கல்தெராரா சொத்தானா, குவார்தியோலா, ஃபெயுதோ தி மெட்ஸோ போன்ற பெயர் பாட்டிலில் இருந்தால், "எரிமலை மண்" என்ற பொதுவான வாசகத்தைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இந்த மணலுக்கு இன்னொரு பெருமை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலோக்செரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. இத்தாலிக்குள் 1879-இல் நுழைந்தது. கோடையில் நம் கரிசல் காடு வெடிக்கிறதே, அப்படி வெடிக்கும் களிமண் என்றால் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். விரிசல் வழியாகவே வேருக்கு வேர் போய்விடும். மணலில் அதற்கு வழி கிடையாது. அதனால் மற்ற இடங்களில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை பயிரிட முடியும் என்றாகிவிட்ட பிறகும், எட்னாவில் சில பழைய வயல்களில் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் பிழைத்தன. எல்லா வயலும் தப்பவில்லை. தப்பியதன் பெயரைச் சொல்லி விற்கும் பாட்டில்கள் தப்பிய கொடிகளைவிட அதிகம் என்பது என் சந்தேகம்.

இனி அந்தக் கிரேக்கக் கதை. கிரேக்கர்கள் வந்தது உண்மை; சிசிலியில் அவர்களுடைய முதல் குடியேற்றமான நாக்ஸோஸ், கி.மு. 734 வாக்கில், எட்னாவின் அடிவாரக் கடற்கரையில்தான் அமைந்தது. ஒயின் செய்வதை அவர்கள் அங்கே பெரிய தொழிலாக வளர்த்திருக்கலாம். ஆனால் உங்கள் பாட்டிலில் இருக்கும் திராட்சை அவர்கள் கப்பலில் வந்ததல்ல. டிஎன்ஏ சோதனைப்படி நெரெல்லோ மஸ்கலேசேயின் பெற்றோரில் ஒன்று சாஞ்சோவேசே, அதாவது நீங்கள் ஏற்கெனவே குடித்துப் பழகிய கியாந்தியின் திராட்சை. இன்னொன்று மந்தோனிக்கோ பியாங்கோ என்ற கலாப்ரியாவின் வெள்ளை ரகம். கலாப்ரியாவில் சீரோ ஒயினுக்குப் பயன்படும் காலியோப்போவும் இதே ஜோடிக்குப் பிறந்ததுதான். தவுராசியின் திராட்சையான அல்யானிக்கோவுக்கும் இன்றைய கிரேக்க ரகங்களோடு நெருங்கிய உறவு எதுவும் சோதனைகளில் தெரியவரவில்லை. சிசிலியின் கிரெக்கானிக்கோ கதை இன்னும் வேடிக்கை: அது வட இத்தாலியில் சோவாவே என்ற வெள்ளை ஒயின் செய்யும் கார்கானேகாத் திராட்சையேதான். பெயரில் கிரேக்கம் ஒட்டிக்கொண்டதற்கு, அந்தக் காலத்தில் "கிரேக்க ஒயின்" என்றால் நல்ல விலை போனதும் ஒரு காரணம்.

தவுராசியில் "எரிமலை மண்" என்பது பாதி உண்மை. நேப்பிள்ஸுக்குக் கிழக்கே, அவெல்லினோ மாவட்டத்து மலைகளில் அடிமண் பெரும்பாலும் களியும் சுண்ணாம்பும். வெசுவியஸ் வெடித்தபோதெல்லாம் காற்றில் வந்து படிந்த சாம்பல் அதன்மேல் இருக்கிறது. அங்கே என்னைப் பொறுத்தவரை மண்ணைவிட உயரமும் குளிரும் முக்கியம். அல்யானிக்கோ மெதுவாகப் பழுக்கும் ரகம். அக்டோபர் கடைசி, நவம்பர் வரைகூடப் பழம் கொடியிலேயே கிடக்கும். அதனால் புளிப்பும் துவர்ப்பும் இரண்டுமே தூக்கல். சட்டமே மூன்று வருடம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்கிறது. கூடுதல் காலம் வைத்த ரிசெர்வா வகை என்றால் நான்கு. அந்த மூன்று வருடமும் போதாது என்பேன். இளம் தவுராசியைக் குடித்தால் ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும். அல்யானிக்கோவை நிஜமான எரிமலைச் சரிவில் பார்க்க வேண்டுமானால் பக்கத்து மாநிலமான பசிலிகாத்தாவின் அணைந்த எரிமலை வுல்துரேக்குப் போக வேண்டும். அங்கே சாம்பல் இறுகிய பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட கோடையில் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. எரிமலை மண் என்பதற்கு அர்த்தமுள்ள விளக்கம் இது.

தெர்தோனாவின் "கடலடி மண்" மூன்றில் மிக நேர்மையான வாசகம். வடமேற்கு இத்தாலியின் பியெமொந்தே மாநிலத்தில், கிழக்கு ஓரத்தில் தொர்தோனா என்ற ஊர். அதைச் சுற்றியுள்ள மலைகளின் மண், சான்த்’அகதா ஃபோசிலி மார்ல் எனப்படும் சுண்ணாம்பு கலந்த நீலச்சாம்பல் களி. கடலடியில் படிந்தது. புவியியலில் தொர்தோனியன் என்ற காலப்பகுதிக்கு, சுமார் 1.16 கோடி முதல் 72 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது, இந்த ஊரின் பெயரைத்தான் 1858-இல் வைத்தார்கள். பரோலோ பிரதேசத்தின் லா மொர்ரா பக்கத்து மண்ணும் இதே அடுக்குதான். ஆனால் அங்கே பரோலோ செய்யும் நெப்பியோலோ என்ற கறுப்புத் திராட்சை, இங்கே திமோராசோ என்ற வெள்ளைத் திராட்சை. ஒரே மண்ணில் இரண்டு வேறு ஒயின்கள். மண்ணே சுவையைக் கொடுக்கிறது என்று வாதிடுபவரிடம் நான் காட்டுவது இந்த இரண்டு பாட்டில்களைத்தான்.

திமோராசோ காய்ப்பு சீராக இருக்காது, விளைச்சல் குறைவு. அதனால் விவசாயிகள் அதை வெட்டிவிட்டுக் கொர்தேசே என்ற வேறொரு வெள்ளை ரகத்தை நட்டார்கள். 1980-களில் மொன்லேயாலே கிராமத்து வால்தெர் மஸ்ஸா பிடிவாதமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார். சில வருடம் வைத்துத் திறந்தால் தேனும், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் குடித்தவர்களுக்குப் பழக்கமான லேசான பெட்ரோல் வாசமும் வரும். அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை கடைக்குப் போனால் நான்காவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வடகிழக்கு இத்தாலியில் ஃப்ரியூலியின் ஸ்கியோப்பெத்தினோ என்ற சிவப்பு ஒயின். ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ப்ரெப்போத்தோ கிராமத்தின் ரகம். அழிவின் விளிம்பில் இருந்த இது 1970-களின் நடுப்பகுதியில், பயிரிட அனுமதிக்கப்பட்ட ரகங்களின் பட்டியலில்கூட இல்லை. கிராப்பா என்ற திராட்சைச் சக்கைச் சாராயம் வடிக்கும் நோனினோ குடும்பம் இத்தகைய ரகங்களைக் காப்பாற்ற 1975-இல் ஒரு பரிசையே ஏற்படுத்தியது. இதில் வரும் மிளகு வாசம் மண்ணிலிருந்து வருவதல்ல. ரோடண்டோன் என்ற மூலக்கூறு, நம் கருமிளகில் இருப்பதும் அதுவே. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. விருந்தில் யாராவது "எனக்கு மிளகே வரவில்லையே" என்றால் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும்போது மண் வர்ணனையைத் தாண்டி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: அறுவடை ஆண்டு, கிராமம் அல்லது கொந்த்ராதா பெயர், தோட்டத்தின் உயரம், "இம்பொத்திலியாத்தோ அல்லோரிஜினே" என்ற வாசகம். கடைசியது, திராட்சை விளைவித்தவரே பாட்டிலில் அடைத்தார் என்பதற்கு அடையாளம். "விக்னே வெக்கியே", அதாவது பழைய கொடிகள் என்பதற்குச் சட்டத்தில் வயது வரையறை இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

விருந்துக்கு வருவோம். எட்னா ரோஸோவைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, 16 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். நிறம் வெளிறி இருக்கும். தண்ணீர் கலந்தது போலத் தோன்றினாலும் புளிப்பும் துவர்ப்பும் கறியின் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும். சுட்ட கறி, மிளகு வறுவல் என்றால் பிரமாதம். மிளகாய் தூக்கலான குழம்பு என்றால் எந்தத் துவர்ப்பான சிவப்பு ஒயினும் எரிச்சலைக் கூட்டவே செய்யும். அன்றைக்குத் தெர்தோனாவை 12 டிகிரியில் திறப்பது மேல். பழைய தவுராசி கிடைத்துவிட்டால், காலையிலிருந்து பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலைப் படியவிட்டு, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வேறு ஜாடிக்கு மாற்றுங்கள்.