தோற்ற காலத்துப் பிள்ளைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 23. சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்து உதைபந்தாட்டக் கிளப்பான மன்செஸ்டர் யுனைட்டடின் ரசிகன். என்னை அந்தப் பக்கம் இழுத்துவிட்டதே என் தாய்மாமாதான். இப்போது எனக்குச் சண்டையும் அவரோடுதான். எந்த மெட்ச் பார்த்தாலும் பத்து நிமிடத்துக்குள் "கீன் இருந்திருந்தால்", "ஸ்கோல்ஸ் இருந்திருந்தால்" என்று பழைய வீரர்களைச் சொல்லித் தொடங்கிவிடுவார். போன கிழமை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, "நீங்கள் தோற்ற காலத்துப் பிள்ளைகள், யுனைட்டட் என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சரியான கோபம். சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டேன்.

பிறகு யோசித்தால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. யுனைட்டட் கடைசியாக லீக் வென்றபோது எனக்கு 11 வயது. அதில் எனக்குப் பெரிதாக எதுவும் நினைவில்லை. ஆனால் பழசையே கதைக்கிற இந்த ஆட்களால்தான் வருகிற முகாமையாளர்கள் எல்லாரும் பழைய முகாமையாளர் பெர்குசனோடு ஒப்பிடப்பட்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் இரண்டு காலத்தையும் பார்த்தவர். பழையதை மறந்துவிடுவதுதானே கிளப்புக்கு நல்லது?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்), கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

சாப்பிடாமல் எழும்பிப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு கிளப்புக்காகச் சோற்றை விட்டு எழும்புகிற பிள்ளைக்கு அந்தக் கிளப் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். இதை மாமாவிடமும் காட்டுங்கள். ஆனால் பழையதை மறந்துவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாமா பழையதைக் கதைப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அவர் அதில் பாதியை விட்டுவிட்டுக் கதைக்கிறார். விட்ட பாதியில்தான் இன்றைக்குத் தேவையான விஷயம் எல்லாம் இருக்கிறது.

1999 மே 26. எனக்கு 20 வயது. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் நான்கு பேர் வாடகைக்கு இருந்தோம். அந்த வருடங்களில் இலங்கையின் மணிக்கூடு இப்போதையதைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. பார்சிலோனாவில் யுனைட்டடுக்கும் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்கும் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் தொடங்கும்போது எங்களுக்கு இரவு 12.45. டிஷ் இருந்த ஒரு வீட்டுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம். அதற்குப் பிறகு ஒழுங்கையில் நடப்பது நல்லதில்லை. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில். யுத்த காலம். தமிழ்ப் பெடியன்கள் ஏழெட்டுப் பேர் நடுச்சாமத்தில் ஒரே அறையில் இருந்தால் அதற்கு யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டி வரும். வீட்டுக்கார அன்ரி ஒன்றே ஒன்று கேட்டார், சத்தம் வரக் கூடாது. ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார். ரீவியில் வர்ணனை கேட்டதா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை, அவ்வளவு குறைத்து வைத்திருந்தோம்.

ஆறாவது நிமிடத்திலேயே பயர்னின் பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது நல்ல ஆட்டம் இல்லை தம்பி. பயர்ன் மியூனிக்தான் நன்றாக விளையாடியது. ஷோல் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. யங்கர் தலைக்கு மேலால் உதைத்தது குறுக்குக் கம்பத்தில் பட்டது. கீனும் ஸ்கோல்ஸும் அன்று களத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் போட்டித் தடை. மாமா "கீன் இருந்திருந்தால்" என்று தொடங்கும்போது இதைக் கேளுங்கள்: நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற அந்த இரவே கீன் இல்லாத இரவுதானே?

90 நிமிடம் முடிந்து உபாதையீடு நேரத்தில் எங்கள் ஷெரிங்ஹம் ஒரு கோல். ஒருவன் தலையணையைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் சோல்ஷார் இன்னொன்று, 2-1. எல்லாருமாக ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, பாயில் கிடந்தோம். கண்ணெல்லாம் தண்ணீர். அன்ரி வெளிக்கதவடியில் காது கொடுத்துக்கொண்டு நின்றார். விடிந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு இரண்டு பேராகக் கிளம்பினோம். காலி வீதிக்கு வந்த பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்த இரவை என்னால் மறக்க முடியாது. மறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு அதற்கு முந்தின 90 நிமிடத்தை அழித்துவிட்டால், அது நினைவே இல்லை.

அதே மாதிரித்தான் பெர்குசனின் காலமும். அவர் வந்தது 1986 நவம்பரில். முதல் வருடம் 11ஆம் இடம். அடுத்தது 2ஆம் இடம். பிறகு மறுபடி 11. 1989-90இல் 13ஆம் இடம், 38 ஆட்டத்தில் 48 புள்ளி. அந்த வருடம் மன்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றார்கள். சொந்த மைதானமான ஓல்ட் ட்ரபர்டிலேயே ஒரு ரசிகர் பெர்குசனைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார். 1990 ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டோடு ஒரு ஆட்டம். மார்க் ரொபின்ஸ் என்ற பெடியன் போட்ட ஒரே கோலில் தப்பினார்கள். அந்த வருடம் அந்தக் கிண்ணத்தையே வென்றார்கள், அதுதான் பெர்குசன் அங்கே வென்ற முதல் கிண்ணம். லீக் பட்டம் வர 1993 ஆனது. அதற்கு முந்தின பட்டம் 1967இல். 26 வருடம். நடுவில் 1974இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கினார்கள், ஐரோப்பியக் கிண்ணம் (இன்றைய சம்பியன்ஸ் லீக்) வென்று ஆறே வருடத்தில்.

இப்போது 2024-25ஐ எடுங்கள். 15ஆம் இடம், 42 புள்ளி. 13ஆம் இடத்து 48க்கும் இதற்கும் ஆறு புள்ளிதான் வித்தியாசம். அதனால் இப்போதும் எல்லாம் சரிவரும், பொறுத்திருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களும் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். அந்த மோசமான வருடங்களில் பெர்குசன் கிளப்பின் சின்னப் பெடியன்கள் பிரிவை அடியிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார். யார் எந்தப் பாடசாலையில் நன்றாக விளையாடுகிறான் என்று தேட ஆள் வைத்தார். கிக்ஸ் என்ற பெடியனின் வீட்டுக்கு அவரே போனார். 1992இல் இளைஞர் கிண்ணம் வென்ற அணியில் கிக்ஸ், பெக்கம், பட், கேரி நெவில். 1995இல் இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் மூன்று பேரையும் ஒரே கோடையில் போகவிட்டு, பெரிய விலைக்கு ஆள் வாங்காமல் இந்தப் பெடியன்களை இறக்கினார். முதல் ஆட்டத்தில் அஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று அடி. அந்தப் பருவம் முடியும்போது லீக்கும் எஃப்.ஏ. கிண்ணமும் கையில். தோற்ற வருடங்களில் செய்த வேலைக்கு வந்த பலன் அது. இன்றைக்குத் தோற்கும்போது அடியில் என்ன வேலை நடக்கிறது என்று மாமா கேட்டால் நான் அவர் பக்கத்தில் நிற்பேன். கீன் எங்கே என்று கேட்டால் நிற்கமாட்டேன்.

சரி, உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒப்பிட்டு ஒப்பிட்டே முகாமையாளர்களைத் துரத்திவிட்டார்கள் என்கிறீர்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து வீரர்களே இன்று ரீவியில் இருந்துகொண்டு கிழமைக்குக் கிழமை கிழிக்கிறார்கள், 20 வயதுப் பெடியன் ஒருவனுக்கு அது எவ்வளவு பாரம் என்று நானும் கவலைப்படுவதுண்டு. ஆனால் பெர்குசனுக்கு அடுத்து வந்த மொயஸ் பத்து மாதத்தில் போனதற்குக் கொட்டாஞ்சேனை மாமாமார் காரணம் இல்லை.

பழுது வெற்றிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிளப்பை ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அதில் பெரும்பங்கு கடன். கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப் அது. அதற்குப் பிறகும் பெர்குசன் ஐந்து தடவை லீக் வென்றார். 2008இல் மொஸ்கோவில் சம்பியன்ஸ் லீக்கும் வென்றார். வெல்கிற வீட்டில் யார் கூரையைப் பார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை. 2013 பட்டம் பெருமளவு வன் பெர்சியின் 26 கோல்களால் வந்தது. மத்திய களத்தில் ஆள் இல்லாமல், ஓய்வு பெற்ற ஸ்கோல்ஸை 2012இல் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த நேரம் அதைக் கொண்டாடினோம். பிறகு 2013 கோடையில் பெர்குசனும் போனார், நிர்வாகத்தை நடத்திய டேவிட் கில்லும் போனார். மேலே உதைபந்தாட்டம் தெரிந்த ஒருவரும் மிச்சமில்லை. அடுத்த முகாமையாளர் எப்படி ஆடுவார், அவருக்கு எப்படிப்பட்ட வீரர்கள் வேண்டும் என்று ஒருவர் யோசித்து ஆள் சேர்ப்பதை விட்டு, வருகிறவர் எல்லாம் தன் இஷ்டத்துக்கு வாங்கிவிட்டுப் போனார்கள்.

ஒரு பெயர் போதும். போக்பா. கிளப்பிலேயே வளர்ந்த பெடியன், 2012இல் ஒப்பந்தம் முடிந்து இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். 2016இல் அதே ஆளை 89 மில்லியன் பவுண் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022இல் மறுபடி ஒப்பந்தம் முடிந்து மறுபடி யுவென்டஸுக்கே போனார். ஒரு சதம் கைக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது உங்களுக்கு நினைவில்லாத வெற்றி பற்றி. ஒன்று நிச்சயம் நினைவிருக்கும். 2024 மே 25, எஃப்.ஏ. கிண்ண இறுதி, சிட்டியோடு. எங்களுக்கு இரவு ஏழரை மணி. அந்தக் கிழமைதான் வெசாக், எங்கள் ஃபிளாட்ஸ் வாசலில் வெசாக் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. லீக்கில் 8ஆம் இடத்தில் முடித்த அணி, யாரும் ஒரு நம்பிக்கையும் வைக்கவில்லை. கர்னாச்சோ ஒரு கோல், மைனூ ஒரு கோல். இரண்டு பேரும் கிளப்பின் இளையோர் அணியில் வந்தவர்கள், இரண்டு பேருக்கும் 19 வயது. மைனூவின் கோலுக்கு முந்தின அந்த மூன்று நான்கு பாஸையும் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஃபெர்னாண்டஸ் பார்க்காமலே பந்தைத் தட்டிவிடுவதையும் பாருங்கள். என் மகள் (அப்போது அவளுக்கு 13) மாடி முழுக்கக் கேட்கக் கத்தினாள். கீழ்வீட்டு ஆட்கள் என்னமோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார்கள். நான் அவளை அடக்கவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, பல்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

1937 ஒக்டோபரிலிருந்து இன்றுவரை யுனைட்டட் ஒரு ஆட்டத்துக்குக்கூடத் தன் சொந்தப் பெடியன் ஒருவன் இல்லாமல் அணியைக் கொண்டுபோனதில்லை. 4,000 ஆட்டத்துக்கு மேல். மாமா பெருமைப்பட வேண்டியது இதற்குத்தான். மற்றக் கிண்ணங்களை எல்லாம் வேறு கிளப்புகளும் வென்றிருக்கின்றன. இந்தக் கயிறு உங்கள் காலத்திலும் அறுந்துபோகவில்லை. ஆனால் தேய்கிறது, அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த வருடம், 2025 மே. பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி, டொட்டன்ஹமோடு. எங்களுக்கு இரவு 12.30, மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். முதல் பாதியில் டொட்டன்ஹமின் ஜோன்சன் போட்ட கோல், பந்து யாரில் பட்டுப் போனதென்றே தெரியாத மாதிரி ஒரு கோல். பிறகு எங்கள் ஹொய்லண்ட் தலையால் அடித்ததை அவர்களின் வன் டி வென் கோட்டில் வைத்துப் பறந்து தட்டிவிட்டார். 1-0. அவள் அழவில்லை, கதைக்கவும் இல்லை. பதக்கம் கொடுத்து முடியும்வரை எழும்பாமல் இருந்தாள். வென்ற இரவில் விழித்திருப்பது சுகம், நான் விழித்திருக்கிறேன். இவள் செய்ததை நான் அந்த வயதில் செய்திருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு நாள் கழித்து நபோலி இத்தாலியில் சம்பியன் ஆனது. அந்த ஆட்டத்தில் முதல் கோல் போட்டவர் ஸ்கொட் மெக்டோமினே. சின்னப் பிள்ளையாக யுனைட்டடில் சேர்ந்து வளர்ந்தவர். முந்தின ஓகஸ்டில்தான் அவரை விற்றார்கள். சொந்தமாக வளர்த்த வீரரை விற்றால் அந்தப் பணம் முழுவதையும் கணக்கில் இலாபமாகக் காட்டலாம், அதனால் காசு முடைப்படுகிற கிளப்புகள் முதலில் விற்பது வீட்டுப் பிள்ளைகளைத்தான். அந்தப் பருவத்தில் இத்தாலிய லீக்கின் சிறந்த வீரரும் அவர்தான். ஆக, தம்பி, அடுத்த தடவை மாமாவோடு சண்டை பிடிப்பதென்றால் இதற்குப் பிடியுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 1999 மே மாதம் அந்த இரவில் மாமா ஆட்டத்தை எங்கே இருந்து பார்த்தார் என்று ஒருநாள் கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் அப்போது இரவு எப்படி இருந்தது, யார் வீட்டு ரீவி, கோல் விழுந்தபோது கத்த முடிந்ததா என்று. சொன்னாரென்றால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா
வெள்ளவத்தை