வேகமான ரேடியோ மாற்றியும் மல்டிஹாப் வயர்லெஸ் வலையில் (செய்தி பெட்டி பெட்டியாகத் தாவிப் போகும் வலை) தாமதம் குறையவில்லை. எந்தப் பெட்டி எப்போது அனுப்பும் என்ற ஷெட்யூலை மாற்றினால் குறையுமா?

குறையும். எனக்குக் குறைந்தது. உங்கள் தலையிலும் யாரோ விலை கூடிய ரேடியோவைக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கோவையில் ஒரு கடைக்காரர் எனக்கும் அதைத்தான் செய்தார்.

எங்கள் தோப்பு ஆனைமலைப் பக்கம். கிணற்று மோட்டாரில் இருந்து கடைசி சொட்டுநீர் வால்வு வரை 7 ரேடியோ பெட்டிகள், 6 ஹாப், அதாவது 6 தாவல். 865 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மெதுவான ரேடியோ, அதனால் பெட்டிக்கு 1 வினாடி ஸ்லாட், அதாவது அது அனுப்புவதற்கான முறை. கடிகாரம் சரிபார்க்க ஒரு ஸ்லாட்டும் சேர்த்து ஒரு சுற்று 8 வினாடி. (தொழிற்சாலை வலைகளில் 10 மில்லிவினாடி ஸ்லாட் உண்டு என்பது எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.) மோட்டார் பெட்டி 1, கடைசி வால்வு 7. அந்த எண்ணையே ஸ்லாட் எண்ணாகவும் வைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு.

மண் நனைந்ததும் வால்வு மூடிக்கொண்டது. "மோட்டாரை நிறுத்து" என்ற செய்தி 7ல் கிளம்பி 6க்கு வந்தபோது, அந்தச் சுற்றில் 6ன் முறை முடிந்து போயிருந்தது. அடுத்த சுற்று வரை சும்மா நின்றது. 5, 4, 3, 2 எல்லாவற்றிலும் இதே கதை. மொத்தம் 36 வினாடி. அதற்குள் அழுத்தம் ஏறி, குழாய் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு அடித்தது. அப்பா பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுக்கு நானே நடந்து போய் ஆஃப் பண்ணியிருப்பனே" என்றார்.

ஸ்லாட்டும் வரிசையும் அப்படியே இருந்ததால், ரேடியோ மாற்றியும் அதே 36. செய்தி காற்றில் போகும் நேரம் சொற்பம், காத்திருப்புதான் மிச்சமெல்லாம். அப்புறம் ஒரு ராத்திரி வரிசையைத் திருப்பினேன்: 7க்கு முதல் ஸ்லாட், 6க்கு இரண்டாவது, இப்படியே. ஒரே சுற்றுக்குள் 6 வினாடியில் செய்தி மோட்டாருக்கு வந்துவிட்டது. 7 தன் முறைக்காகக் காத்திருப்பது அதிகபட்சம் 8 வினாடி, அது தனி. காலணா செலவில்லை.

எதிர்த்திசையில் இப்போது 36 வினாடி ஆகிறது, மறைக்கவில்லை. மோட்டார் நின்ற தகவல் வந்த பிறகே வால்வு மூடும்படி பின்னால் மாற்றினேன். அது தாமதமானால் கொஞ்சம் தண்ணீர் கூடப் பாயும், குழாய் வெடிக்காது. சிம் போட்ட ஸ்டார்ட்டர் வாங்கியிருக்கலாமே என்பவர்கள், எங்கள் கிணற்றடியில் ஒரு கோடு சிக்னல் காட்டிவிட்டுப் பேசட்டும்.

பேராசையில் இன்னொன்றும் செய்தேன். 1, 4, 7 ஒரே ஸ்லாட், 2, 5 ஒன்று, 3, 6 ஒன்று. மூன்று ஹாப் தள்ளி இருப்பவை ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை என்ற கணக்கு. சுற்று 4 வினாடியானது. நன்றாகத்தான் ஓடியது, பக்கத்துத் தோட்டத்தில் வேர் வாடல் நோய் வந்த மரங்களை வெட்டும் வரை. நடுவில் மறைப்பு போனதும் 2ன் சிக்னல் 4 வரை எட்டி, 5 அனுப்புவதைக் கெடுத்தது. மறுபடி 8 வினாடிக்கே வந்துவிட்டேன்.

இத்தனையும் செய்த எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்ட கேள்வி: "மாப்பிள்ளை தோப்புலயே தான் இருக்காருங்களா?" சரி, அது வேறு கதை. உங்கள் வலையில் எந்தத் திசைச் செய்தி அவசரம், எத்தனை ஹாப் என்று எழுதுங்கள், வரிசை போட்டுத் தருகிறேன்.