அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, என்னிடம் ஐபோன். இரண்டிலும் ஓடுகிற ஃபிட்னஸ் பேண்ட் எது?

அப்பாவுக்கு இப்போது ஒரு பேண்ட் வாங்கவேண்டும், அடுத்த வருடம் உங்கள் பழைய ஐபோனை அவரிடம் கொடுத்துவிடப் போகிறீர்கள், அப்போதும் அதே பேண்ட் வேலை செய்யவேண்டும் என்கிறீர்கள். வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருந்தபோது ஆசைப்பட்டு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். எட்டாவது மாதம் அலுவலகத்தில் ஐபோன் கொடுத்தார்கள். ஆப் ஸ்டோரில் தேடுகிறேன், தேடுகிறேன், அந்த வாட்சுக்கு உரிய செயலி ஐபோனுக்கு வரவே இல்லை. நல்ல விலை கொடுத்து வாங்கியது வெறும் கைக்கடிகாரமாகிவிட்டது. இப்போது மச்சான் கையில் இருக்கிறது.

ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும். ஆண்ட்ராய்டில் அதை இணைக்க வழியே இல்லை. கூகுளின் பிக்சல் வாட்ச் இதற்கு நேர் எதிர். சாம்சங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டைசன் இயங்குதளத்தில் ஓடிய பழைய கேலக்ஸி வாட்சுகள் ஐபோனிலும் சேர்ந்தன. 2021-ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் கூகுளின் வேர் ஓஎஸ் இயங்குதளத்துக்கு மாறினார்கள். ஐபோனுக்குக் கதவு அடைபட்டது. "சாம்சங் வாட்ச் ஐபோனில் ஓடும்" என்று யாராவது சொன்னால் எந்த வருடத்து மாடல் என்று கேளுங்கள்.

ஃபிட்பிட், கார்மின், ஷாவ்மி பேண்ட், அமேஸ்ஃபிட் ஆகியவற்றுக்கு இரண்டு பக்கமும் செயலி உண்டு. உங்கள் தேவைக்கு இவற்றில் ஒன்றுதான் சரி. நடைக்கணக்கு, தூக்கம், இதயத்துடிப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி வரும். வித்தியாசம் சின்னச் சின்ன இடங்களில்தான். உதாரணமாக, கார்மினில் வரும் குறுஞ்செய்திக்கு ஆண்ட்ராய்டு என்றால் வாட்சிலிருந்தே பதில் தட்டலாம். ஐபோன் என்றால் படிக்க மட்டும்தான். அப்பாவுக்கு அது பெரிய குறையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஃபோன் மாற்றும் நாளில் ஒன்றை மறக்காதீர்கள். பேண்டைப் பழைய ஃபோனின் செயலியிலிருந்து முறையாக நீக்கிவிட்டு, அப்புறம் புதியதில் சேர்த்துவிடுங்கள். சில பேண்டுகள் பழைய கணக்கை விட்டு லேசில் வராது. இரண்டு ஃபோனிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் பழைய நடைக்கணக்கும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று, "காலையிலிருந்து ஒன்றுமே ஏறவில்லை" என்று அப்பா ஃபோன் செய்வார். பெரும்பாலும் பேண்ட் மேல் தப்பு இருக்காது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஃபோனின் புளூடூத் பட்டியலுக்குப் போய் இணைக்கவும் முயலவேண்டாம்; செயலிக்குள்ளிருந்துதான் இணைக்கவேண்டும்.

காசு கொடுப்பதற்கு முன் அப்பாவின் ஃபோனில் ஒருமுறை, உங்கள் பழைய ஐபோனில் ஒருமுறை அந்தச் செயலியை இறக்கிப் பாருங்கள். ஃபோனின் இயங்குதளம் ரொம்பப் பழசு என்றால், இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று ஸ்டோரே சொல்லிவிடும். இரண்டிலும் இறங்கினால் கடைக்குக் கிளம்பலாம்.