ஆல்ஃபா மைனஸில் வந்தால் கேள்விகளை நீக்காதீர்கள்

ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோலுக்கு க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) -0.31 வருகிறது, எந்தக் கேள்விகளைத் தூக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதையும் தூக்க வேண்டாம். மைனஸில் வந்தாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது கோடிங்கைத்தான், அதாவது விடைகளுக்கு எண் கொடுத்த விதத்தை.

அந்த அளவுகோலின் 10 வாக்கியங்களில் 5 எதிர்மறையானவை. பரவலாகப் புழங்கும் வரிசையில் 2, 5, 6, 8, 9. உங்கள் படிவத்தில் வரிசை மாறியிருக்கலாம், அதனால் எண்ணை நம்பாமல் வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதற்கு ஒருவர் 4 (முழுக்க ஒப்புக்கொள்கிறேன்) போட்டால் அவருடைய சுயமதிப்பு குறைவு என்றுதானே அர்த்தம்? அதனால் இந்த ஐந்தின் விடைகளை மட்டும் திருப்ப வேண்டும்: 1 முதல் 4 வரையிலான அளவு என்றால் 5-இலிருந்து அந்த விடையைக் கழியுங்கள். 4 என்பது 1 ஆகிவிடும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் இதைப் புதிய மாறியாகவே சேமியுங்கள். பழையதன் மேலேயே எழுதினால், திருப்பியாச்சா இல்லையா என்று அடுத்த வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

விடை இல்லாத இடத்தில் 99 போடும் பழக்கம் இருந்தால், அதை மிஸ்ஸிங் என்று அறிவித்துவிட்டுக் கழியுங்கள். இல்லையென்றால் -94 வந்து நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் "என் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருந்திருக்கலாம்" என்ற 8-ஆவது கேள்வி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் போகலாம். பல நாட்டு ஆய்வுகளில் அது அப்படித்தான். அதை நீக்குவதானால் கைடிடம் கேட்டுவிட்டு, காரணத்தை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.