குடுவை ஏன் பழுப்பாகிறது?

அன்புள்ள ஐயா,

நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். செய்முறையில் ஆக்சாலிக் அமிலம் டைட்ரேஷன், அதாவது பெர்மாங்கனேட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிப்பது, எனக்குச் சரியாக வருவதில்லை. செறிவு தெரிந்த பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கு இரண்டு முறையும் 19.6 மி.லி. பெர்மாங்கனேட் செலவானது. ஆக்சாலிக் அமிலத்துக்கு 20.4, பிறகு 21.3, பிறகு 20.6. 21.3 வந்தபோது குடுவை பழுப்பாகிவிட்டது. முதல் சொட்டிலேயே இளஞ்சிவப்பு நிற்கிறது, அதுதான் முடிவுநிலையோ என்று பயமாக இருக்கிறது. கணக்கிலும் எதை எதனால் பெருக்குவது என்று குழம்புகிறேன். தோழிகள் மூன்றாவது அளவீட்டை ஒத்துப்போகும்படி எழுதிவிடச் சொல்கிறார்கள். எழுதலாமா?

க., திருவாரூர்

அன்புள்ள க.,

பழுப்பிலிருந்து தொடங்குகிறேன், மற்றதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அமிலம் போதுமான அளவு இருந்தால் பெர்மாங்கனேட்டில் உள்ள மாங்கனீசு +7 நிலையிலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது. ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. அமிலம் குறைந்தால் பாதி வழியில், +4 நிலையில் நின்றுவிடும். அதுதான் மாங்கனீசு டை ஆக்சைடு, நீங்கள் பார்த்த பழுப்பு. மூன்று எலக்ட்ரான்கள்தான் ஏற்கப்பட்டன என்றால் அதே ஆக்சாலிக் அமிலத்தை முடிக்கக் கூடுதல் பெர்மாங்கனேட் வேண்டும். ஆகவே 21.3. அந்த அளவீட்டைச் சராசரியில் சேர்க்காதீர்கள். பழுப்பு வந்த குடுவையில் மேலும் அமிலம் ஊற்றிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு ஏறத்தாழ அதே அளவு, அதாவது ஒரு சோதனைக்குழாய் நிறைய, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றுங்கள். கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் வம்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது: பெர்மாங்கனேட் அதன் குளோரைடைக் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்து, தானும் வீணாகும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்காத தேர்வாளர் அபூர்வம்.

பழுப்புக்கு இன்னொரு காரணம் அவசரம். கரைசல் ஆறியிருக்கும்போது, பெர்மாங்கனேட் நிரப்பிய அளவுக்குழாயான பியூரெட்டை வேகமாகத் திறந்தாலும் பழுப்பு வரும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். லேசாக ஆவி எழும்போது இறக்கிவிடலாம். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதைந்து, அளவீடு குறைந்துபோகும்.

முதல் சொட்டு நிறம் மாறாமல் நிற்பது முடிவுநிலை அல்ல. இந்த வினையை வேகப்படுத்துவது அதில் விளையும் மாங்கனீசு +2 அயனியேதான். தொடக்கத்தில் அது இல்லை, அதனால் மந்தம். குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருங்கள், நிறம் போகும். அதற்குப் பின் சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். வினைவேக மாற்றிப் பாடத்தில் ‘தன் வினைவேகமாற்றி’ என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்துங்கள்.

பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சூடாக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் செய்யும்போது பழக்கத்தில் அதையும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பெர்ரஸை பெர்ரிக்காக மாற்றிவிடும், அளவீடு குறையும், கணக்கில் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி (செறிவு) கூடும், கடைசியில் ஆக்சாலிக் அமிலத்தின் எடையும் கூடி நிற்கும். பிழை தொடங்கிய இடம் விடையைப் பார்த்தால் தெரியாது.

20.4-க்கும் 20.6-க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நான்கு சொட்டு. முடிவருகே சொட்டுச் சொட்டாக விடாததாலேயே பெரும்பாலும் இது வரும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறினாலும் வரும். பியூரெட்டையும், 20 மி.லி. அளந்தெடுக்கும் பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும். குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் 20 மி.லி.க்கு மேல் உள்ளே போய்விடும். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், அதை விட்டுத்தான் பிப்பெட்டில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பிறைமட்டத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பின்) மேல்விளிம்பைப் படியுங்கள்.

கணக்கு மூன்றே அடி. பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 0.1 நார்மல், பிப்பெட் 20 மி.லி., இன்னொரு முறை செய்து 20.4 உறுதியானது என்று வைத்துக்கொள்வோம்.

பெர்மாங்கனேட்: 20 × 0.1 ÷ 19.6 = 0.1020 நார்மல்.
ஆக்சாலிக் அமிலம்: 20.4 × 0.1020 ÷ 20 = 0.1040 நார்மல்.
எடை: 0.1040 × 63 = லிட்டருக்கு 6.552 கிராம். வினாவில் 500 மி.லி. என்றால் அதில் பாதி, 3.276 கிராம்.

தெரிந்த கரைசலிலிருந்து இணைப்புக் கரைசலான பெர்மாங்கனேட்டுக்கு, அங்கிருந்து தெரியாததற்கு என்ற வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 63 என்பது இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை. 45 போட்டால் நீரற்றதாகிவிடும். பெர்ரஸ் சல்பேட் வந்தால் ஏழு நீர் மூலக்கூறுகளோடு 278. வினாத்தாளில் 500-க்குப் பதில் 750 மி.லி. இருக்கலாம், கடைசி அடிக்கு முன் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது அளவீட்டை ஒட்டவைப்பது பற்றி: எழுத வேண்டாம். கரைசலைத் தயாரித்தவர்களிடம் உண்மையான மதிப்பு இருக்கிறது, உங்கள் விடை அதற்கு எவ்வளவு அருகில் என்றுதான் பார்ப்பார்கள். தவறான இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் யாருக்கு லாபம்? நேரம் இருந்தால் நான்காவது முறை செய்யுங்கள். முதல் முறைக்குப் பின் முடிவு எங்கே என்று தெரிந்துவிடுவதால், 19 மி.லி. வரை சீராக விட்டுவிட்டு அதன்பின் நிதானித்தால் போதும்.